ஒன்றும் கேட்காத மணிநேரங்கள்

கோந்து என்று அவருக்கு யார் பெயர் வைத்தார்கள் என்பது அந்த ஆராய்ச்சி நிலையத்தில் இப்போது யாருக்கும் ஞாபகம் இல்லை. வைத்தவர் வேலையை விட்டுப் போயாயிற்று, பெயர் மட்டும் தங்கிவிட்டது. காரணம் எளிது. ஒரு மென்பொருளையும் இன்னொரு மென்பொருளையும் ஒட்டவைக்கிற ப்ரோக்ராம் எழுதுவது அவர் வேலை. ஒன்றுக்கொன்று முகம் கொடுத்துப் பேசாத இரண்டுக்கு நடுவில் உட்கார்ந்து, இது சொன்னதை அதற்குப் புரியும்படி சொல்லி, அது கேட்டதை இதனிடமிருந்து வாங்கிக் கொடுக்க வேண்டும். ஒட்டியது பிய்ந்தால்தான் அவரைத் தேடுவார்கள். பிய்யாதவரை இப்படி ஒருவர் இருக்கிறார் என்கிற நினைப்பே யாருக்கும் வராது.

அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மனைவி போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிறது. ஒரே மகள், கல்யாணமாகிக் கடல் தாண்டி இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்வாள்.

"என்னப்பா விசேஷம்?"

"ஒண்ணும் இல்லம்மா."

"சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு."

"சரிப்பா, அப்ப வெக்கட்டுமா?"

இவ்வளவுதான் பேச்சு. பிறகு அது ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு ஆயிற்று. அப்புறம் எப்போதாவது ஆயிற்று. அவர் ஒருமுறை லேசாகக் கேட்டதற்கு, "விசேஷம் இருந்தா நீங்களே சொல்ல மாட்டீங்களா? நீங்க பேசலன்னா நல்லா இருக்கீங்கன்னு அர்த்தம்" என்றாள். குறை சொல்ல முடியாத பதில். அவரும் குறை சொல்லவில்லை.

ஆபீஸில் அவர் இருக்கிற அறையில் ஒரு காலத்தில் நாற்காலிக்குச் சண்டை நடக்கும். இப்போது எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார்கள். கோந்து மட்டும் தினமும் வருவார். வீட்டில் இருப்பதற்குக் காரணம் வேண்டாமா? அந்த அறையின் விளக்குகளுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. ஆள் அசைந்தால் எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். அவர் எதையாவது யோசித்தபடி கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தால், இங்கே யாரும் இல்லை என்று விளக்கு முடிவுகட்டிவிடும். அவர் கையைத் தூக்கி, வகுப்பில் 'உள்ளேன் ஐயா' சொல்கிற பையன் மாதிரி ஆட்டுவார். மறுபடி எரியும். கேலி செய்ய ஆள் இல்லாததால் இதில் கூச்சமும் இல்லாமல் போய்விட்டது.

இப்படி இருக்கையில்தான் அவருடைய பிரிவுத் தலைவர் ஒருநாள் கம்ப்யூட்டர் திரையில் தோன்றினார். எதற்கெடுத்தாலும் 'சூப்பர்' என்பார், அதுவே அவர் பெயராகிவிட்டது. பழைய டிஸ்குகளை நிறுத்தப்போகிறார்கள், எல்லாம் புது ஸ்டோரேஜுக்குப் போகிறது, அங்கிருந்தே கிரிட் எடுத்துக்கொள்ளும்படி ஒரு இணைப்பு எழுத வேண்டும் என்றார்.

"முதல்ல வௌவாலக்காவோட ஃபைல்கள். அவங்களுக்கு அவசரம். முடியும்ல?"

"பாக்கறேன்."

"சூப்பர்!" என்று சொல்லித் திரையிலிருந்து மறைந்தார்.

கிரிட் என்பது ஒரே கம்ப்யூட்டரால் முடியாத கணக்கைப் பல ஊர் ஆராய்ச்சி நிலையங்களின் கம்ப்யூட்டர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுத்து, விடைகளைத் திரும்பச் சேர்த்து வாங்குகிற ஏற்பாடு. அது பழைய காலத்து மனுஷன் மாதிரி. அலமாரி, அலமாரிக்குள் தட்டு, தட்டுக்குள் ஃபைல் என்று இருந்தால்தான் அதற்கு நிம்மதி. புது ஸ்டோரேஜோ வேறு ஜாதி. அதற்கு ஆப்ஜெக்ட் ஸ்டோரேஜ் என்று பெயர். அலமாரியும் கிடையாது, தட்டும் கிடையாது. சுவரே கண்ணுக்குத் தெரியாத ஒரு கிடங்கு, தரை முழுக்கப் பொட்டலங்கள், ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் நீளமாக ஒரு சீட்டு. சீட்டில் எழுதியதைச் சொன்னால் பொட்டலம் வரும். "எந்தத் தட்டில் வைக்கட்டும்?" என்று கிரிட் கேட்டால், "தட்டா, அப்படின்னா?" என்று கேட்கும் கிடங்கு. கிரிட் ஆளைப் பார்த்துத்தான் உள்ளே விடும்: சான்றிதழ் யார் கொடுத்தது, அவருக்கு யார் ஜாமீன் என்று வம்சம் வரை விசாரிக்கும். கிடங்கு ஆள் முகத்தையே பார்க்காது, சாவி இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். சம்பந்தி வீட்டார் இரண்டு பேரும் ஒரே பந்தலில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற கதைதான்.

கோந்துவுக்கு இது பழகின வேலை. சீட்டுகளில் எழுதியிருப்பதைப் படித்து, அதிலிருந்து இல்லாத அலமாரியை இருப்பதுபோல் கிரிட்டுக்குக் காட்டினார். ஒரே ஒரு தொல்லை. கிடங்கில் தட்டே இல்லை என்றால் காலித் தட்டை எப்படி வைப்பது? இந்தத் தொழிலில் எல்லாரும் செய்கிற தந்திரம் ஒன்று உண்டு. உள்ளே ஒன்றுமே இல்லாத பொட்டலத்தில் தட்டின் பெயரை எழுதி, அடையாளத்துக்குப் போட்டுவைப்பார்கள். அந்த வெற்றுப் பொட்டலங்களைப் பார்த்துக் கிரிட் குழம்பக் கூடாது அல்லவா? 'எடை பூஜ்யமா, அப்படியானால் அது வெறும் அடையாளம், வெளியே காட்டாதே' என்று ஒரு வரி எழுதினார். எழுதும்போது இடது கையில் தேநீர்க் கோப்பை இருந்தது. அந்த வரிக்கு அவ்வளவுதான் மரியாதை.

வௌவாலக்கா அறுபதைத் தொட்டுக்கொண்டிருக்கிற விஞ்ஞானி. மலைக் குகைகளில் ஒலிப்பதிவுக் கருவிகளை வைத்து, மனிதக் காதுக்கு எட்டாத வௌவால் சத்தங்களைப் பல வருஷமாகப் பதிவு செய்கிறவர். கருவி ஒவ்வொரு மணிநேரத்துக்கும் ஒரு ஃபைல் எழுதும். அந்த மலையை ஒட்டி ஒரு கல்குவாரி இருக்கிறது. அவர்கள் குகைப் பக்கம் வரை வெடிவைத்துப் பாறை எடுக்க அனுமதி கேட்டிருந்தார்கள். அனுமதி தருகிற கமிட்டி கேட்டது ஒரே கேள்வி: வௌவால்கள் ஏற்கெனவே குறைந்து வருகின்றனவா, இல்லையா? குறைகின்றன என்றால் மலையைத் தொடக் கூடாது. இல்லையென்றால் தொடலாம். அடுத்த வார வெள்ளிக்கிழமைக்குள் அக்கா பதில் கொடுத்தாக வேண்டும். அந்தப் பதிலைத்தான் கிரிட் கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும்: மணிநேரத்துக்குச் சராசரியாக எத்தனை வௌவால், வருஷத்துக்கு வருஷம் அது ஏறுகிறதா, இறங்குகிறதா?

வேலையை ஓடவிடுவதற்கு முன் அக்கா கோந்துவைப் போனில் கூப்பிட்டார்.

"தம்பி, நீங்கதான் கோந்துவா? உங்க நெஜப் பேர் என்ன?"

கோந்து சொன்னார்.

"அது வேண்டாம், கோந்துவே நல்லா இருக்கு. கேளுங்க, எனக்கு என்னமோ குறைஞ்ச மாதிரி இருக்கு. சாயங்காலம் குகை வாசல்ல நின்னா, அதுங்க கூட்டமா வெளிய வரும்போது எறக்கைக் காத்து முகத்துல அடிக்கும். இப்பல்லாம் அப்படி அடிக்கல. ஆனா நான் சொன்னா கமிட்டி கேக்குமா? முகத்துல காத்து அடிக்கலன்னு அறிக்கையில எழுத முடியுமா சொல்லுங்க?"

"முடியாதுக்கா."

"அதான். கணக்கு சொல்லட்டும்."

கணக்கு சொன்னது. இரண்டு நாள் முழுசாக ஓட வேண்டிய வேலை மறுநாள் மதியச் சாப்பாட்டுக்குள் முடிந்துவிட்டது. பழைய ஏற்பாட்டில் இப்படி ஒரு வேகத்தை யாரும் பார்த்ததில்லை. விடையும் நல்ல விடை. வௌவால்கள் குறையவில்லை, சொல்லப்போனால் கொஞ்சம் கூடியே இருந்தன.

சூப்பர் நிலையம் முழுவதற்கும் மெயில் அனுப்பினார். தலைப்பிலேயே மூன்று ஆச்சரியக்குறி. யார் யாரோ கோந்துவுக்கு வாழ்த்து எழுதினார்கள், பாதிப் பேர் அவரை நேரில் பார்த்ததே இல்லை. ஆனால் அவருக்குப் பெரிதாகப் பட்டது அது இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு வௌவாலக்கா கூப்பிட்டார்.

"தம்பி, வாயில சக்கரையப் போடணும் உங்களுக்கு. நான் வீணாப் பயந்துட்டேன். எல்லாம் நல்லாத்தான் இருக்குதுங்க."

மறுநாளும் நாலு மணிக்குக் கூப்பிட்டார். விஷயம் ஒன்றும் இல்லை, சும்மாதான். குகைக்குள் தவறி விழுந்த குட்டியைத் தாய் குரலை வைத்தே கண்டுபிடிக்கிற கதையைச் சொன்னார். அவர் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தபோது வௌவாலுக்குப் பயந்து குடையோடு குகைக்கு வந்த கதையைச் சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு மறுநாளும் கூப்பிட்டார். மூன்றரை மணியானால் கோந்து தேநீர் போட்டுத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார ஆரம்பித்தார். பேசிக்கொண்டிருக்கிற நேரத்தில் விளக்கு ஒருமுறைகூட அணையவில்லை. பேசும்போது தன் கை இவ்வளவு ஆடும் என்பது அவருக்கே புதுச் செய்தி.

செவ்வாய்க்கிழமை காலை சூப்பர் மறுபடி திரையில் வந்தார்.

"இந்த வேகம் எப்படி வந்துச்சுன்னு ஒரு பக்கம் எழுதிக் குடுங்களேன். மத்த பிரிவுக்காரங்க பிச்சுப் பிடுங்குறாங்க."

கோந்து எதையும் ஒழுங்காக எழுதுகிறவர். முதலில் காரணம், பிறகு விளக்கம் என்று எழுத உட்கார்ந்தார். காரணம் வரவில்லை. புது ஸ்டோரேஜ் வேகமானதுதான், ஆனால் இவ்வளவு வேகம் இல்லை. ஒவ்வொரு ஃபைலுக்கும் கிரிட் தனியாக ஒரு வேலையை எங்கோ ஒரு கம்ப்யூட்டருக்கு அனுப்பும், அந்தப் போக்குவரத்துக்குத்தான் நேரம் ஆகும். அதை இவர் தொடவே இல்லை. தொடாத இடத்தில் வேகம் எப்படி வரும்? முன்பு ஒருமுறை பழைய டிஸ்குகளிலிருந்து கணக்கு ஓடியபோது கிரிட் எழுதிய பதிவையும் புது ஓட்டத்தின் பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பழையதில் பக்கம் பக்கமாக 'ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை' என்று வந்துகொண்டே இருந்தது. புதியதில் அந்த வார்த்தையே இல்லை.

அவர் உடனே அக்காவுக்குப் போன் செய்தார்.

"அக்கா, உங்க கருவிக்கு ஒரு மணிநேரத்துல ஒரு வௌவால்கூடக் கேக்கலன்னா என்ன பண்ணும்?"

"காலி ஃபைல் எழுதும். நான்தான் அப்படி வெச்சேன். ஏன்?"

"எழுதாமலே விட்டுடலாமே?"

"அதெப்படி? கருவி செத்துப்போச்சுன்னா ஃபைலே வராது. உயிரோட இருந்து, காதைத் தீட்டிக்கிட்டு ஒரு மணிநேரம் கேட்டும் ஒண்ணும் வரலன்னா காலி ஃபைல் வரும். ரெண்டும் ஒண்ணாகுமா தம்பி? ஒண்ணு ஆளே இல்ல. இன்னொண்ணு ஆள் இருந்தும் யாரும் வரல. ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதான்."

போனை வைத்துவிட்டு அவர் அசையாமல் உட்கார்ந்திருந்தார். விளக்கு அணைந்தது. கையைத் தூக்க அவருக்குத் தோன்றவில்லை.

தேநீர்க் கோப்பையைப் பிடித்துக்கொண்டு எழுதிய அந்த ஒரு வரிதான். எடை பூஜ்யமா, அடையாளம், காட்டாதே. வௌவால் வராத மணிநேரம் ஒவ்வொன்றும் பூஜ்ய எடையில்தான் இருக்கும். அத்தனையையும் வரி விழுங்கிவிட்டது. கணக்கு, வௌவால் வந்த மணிநேரங்களை மட்டும் எடுத்துச் சராசரி போட்டிருக்கிறது. வராத மணிநேரம் கூடக் கூட, கணக்குக்குள் அவை நுழையாததால், மலை நிரம்பி வழிகிற மாதிரித் தெரிந்திருக்கிறது. வேகத்துக்கும் அதுதான் காரணம், பாதிக்கு மேற்பட்ட ஃபைல்களைக் கிரிட் படிக்கவே இல்லை. நல்லவேளை, கிடங்கில் காலி ஃபைல்கள் பத்திரமாக இருந்தன. மறைத்தது மட்டும்தான் இவர் வேலை.

வரியைத் திருத்தினார். தட்டின் அடையாளச் சீட்டில் பெயர் ஒரு சாய்கோட்டில் முடியும், ஃபைலின் பெயர் அப்படி முடியாது; சாய்கோடு உள்ளதை மட்டும் மறைத்தால் போதும். சோதனைக்கு ஒரே ஒரு குகையின் ஃபைல்களை ஓட்டிப் பார்த்தார். வௌவால் எண்ணிக்கையின் வரைகோடு சரசரவென்று கீழே இறங்கியது.

அப்போது மணி மூன்றரை. தேநீர் போடும் நேரம்.

இப்போதே கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். வெள்ளிக்கிழமைக்குள் முழுக்கணக்கும் மறுபடி ஓட நேரம் வேண்டும், இந்த முறை குறுக்குவழி கிடையாது. எல்லாம் அவருக்குத் தெரிந்தது. ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார். சொன்னால் நாளைக்கு நாலு மணிக்கு யார் கூப்பிடுவார்கள்? தப்புக் கணக்குக் கொடுத்தவனிடம் யாருக்குக் குடைக் கதை சொல்லத் தோன்றும்? நாலு மணிக்கு வழக்கம்போல் போன் அடித்தது. வௌவாலக்கா தன் மூத்த மருமகளின் கைவைத்தியத்தைப் பற்றிச் சொன்னார், வாய்க்கு வந்தபடி கிண்டல் செய்தார், "என்ன தம்பி, இன்னைக்கு 'உம்'னு மட்டும் சொல்றீங்க?" என்று கேட்டார். "கேட்டுக்கிட்டு இருக்கேன்க்கா" என்றார் கோந்து. அது உண்மைதான். கடைசியாகக் கேட்கிறோம் என்று தெரிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை காலை அவரே கூப்பிட்டார்.

"சொல்லுங்க தம்பி. கொரல் ஏன் பாதாளத்துலேருந்து வருது?"

"அந்தக் கணக்கு தப்புக்கா."

"எந்தக் கணக்கு?"

"கூடியிருக்குன்னு வந்ததே, அது. என் ப்ரோக்ராம் காலி ஃபைலை எல்லாம் மறைச்சிடுச்சு. வௌவால் வந்த நேரத்தை மட்டும்தான் எண்ணியிருக்கு."

அந்தப் பக்கம் காற்றுச் சத்தம் மட்டும் வந்தது. அக்கா மலையில் இருக்கிறார் போல.

"எவ்வளவு குறைஞ்சிருக்கு?" என்று கேட்டார் ஒருவழியாக.

"ஒரு குகைதான் பாத்தேன். பாதிக்கும் கீழ போயிருக்கு."

"முகத்துல அடிக்கலன்னு சொன்னேன்ல," என்றார். குரல் மெல்ல வந்தது. "உங்க கணக்கு வந்ததும், சரி, வௌவால் இருக்கு, என் முகம்தான் மரத்துப்போச்சு, வயசாச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். ஒரு வாரமா என்னை நானே கெழவி கெழவின்னு திட்டிக்கிட்டு இருக்கேன் தம்பி. எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

கோந்து பொய் சொல்லியிருக்கலாம். "நேத்து," என்றார்.

"நேத்து எப்ப?"

"நீங்க கூப்பிடறதுக்கு முன்னாடி."

"அப்ப நான் பேசப் பேச சும்மா கேட்டுக்கிட்டு இருந்தீங்க?"

"ஆமாக்கா."

"ஏன்?"

அதற்கு அவரிடம் பதில் இருந்தது. போனில் சொல்லக்கூடிய பதிலாக அது இல்லை.

"சரி விடுங்க," என்றார் அக்கா. "வெள்ளிக்கிழமைக்குள்ள ஓடுமா?"

"ஓட வெக்கிறேன்."

அக்கா போனை வைத்துவிட்டார்.

சூப்பருக்குச் சொன்னபோது அவர் முகம் திரையில் உறைந்துவிட்டது. இணையம் நின்றுவிட்டதோ என்று கோந்து நினைத்தார், நிற்கவில்லை. "எல்லாருக்கும் மெயில் போட்டாச்சே," என்று மட்டும் சொன்னார் சூப்பர். "நான் திருத்தி இன்னொரு மெயில் போடறேன்" என்றார் கோந்து. போட்டார். 'வேகத்துக்குக் காரணம் என் பிழை' என்று தொடங்கி, எந்த வரி, எப்படித் தப்பு, எப்படித் திருத்தியாயிற்று என்று வரிசையாக எழுதி, கீழே தன் நிஜப் பெயரைப் போட்டார். யாரும் பதில் எழுதவில்லை.

கணக்கு ஓடியது. இந்த முறை ஆமை வேகம். பதிவில் 'ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை' என்று வந்துகொண்டே இருந்தது. புதனும் வியாழனும் அவர் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு 'ஒன்றும் இல்லை'க்கும் ஒரு சின்னக் கருவி இருட்டில் ஒரு மணிநேரம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறது. வியாழன் மத்தியானம் தூரத்து நிலையம் ஒன்றின் கம்ப்யூட்டர்கள் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது என்று சொல்லி நின்றுவிட்டன. செவ்வாய்க்கிழமையே ஆரம்பித்திருந்தால் இதற்கெல்லாம் அவகாசம் இருந்திருக்கும் என்பதை மனசு சொல்லிக்காட்ட, பல்லைக் கடித்துக்கொண்டு அந்த நிலையத்துப் பங்கைப் பிரித்து மற்றவர்களிடம் அனுப்பினார். வெள்ளிக்கிழமை, அறிக்கை போக வேண்டிய நேரத்துக்குச் சற்று முன்னால் கடைசி விடை வந்து சேர்ந்தது. அனுப்பினார். 'கிடைத்தது' என்று ஒரு சொல் திரும்பி வந்தது.

கமிட்டி கூடி முடிவு சொல்ல மேலும் சில வாரம் ஆயிற்று. அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது: 'வெடி வைக்கக் கூடாதுன்னு சொல்லிட்டாங்க. அடுத்த கணக்கெடுப்பு வரைக்கும்.' அவ்வளவுதான். கோந்து 'சந்தோஷம் அக்கா' என்று எழுதினார். பிறகு எதுவும் வரவில்லை.

நாலு மணிக்குப் போன் அடிப்பதும் நின்றுவிட்டது. கோபமா, அல்லது பேச விஷயம் ஒன்றும் இல்லையா? இந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அதைக் கண்டுபிடிக்க வழி இல்லை. சில நாள் பழக்கதோஷத்தில் மூன்றரைக்கே தேநீர் போட்டுவிட்டு, ஆறிய பிறகு குடித்தார்.

குகைக் கருவிகளை இப்போது நேரடியாகக் கிடங்கோடு இணைத்துவிட்டார்கள். மணிக்கு ஒரு ஃபைல் வந்து விழும். பொழுது சாய்கிற வேளையில், வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால், கோந்து அதை ஒருமுறை பார்ப்பார். அது அவர் வேலையில் சேர்ந்தது இல்லை.

ஒருநாள் சாயங்காலம், வாரம் ஒருமுறை அக்கா கருவிகளுக்குப் பேட்டரி மாற்றக் குகைக்குப் போகிற நாள் அது. சன்னலுக்கு வெளியே தெரு மங்கிக்கொண்டிருந்தது. எதிர்க் கட்டடத்தில் யாரோ மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தார்கள். குகை வாசல் ஃபைல் வந்தது. எடை பூஜ்யம். மறையாமல், மற்ற ஃபைல்களோடு தன் இடத்தில் ஒழுங்காக நின்றது. அக்கா இந்நேரம் அந்த வாசலில்தான் நின்றிருப்பார், முகத்தை நிமிர்த்திக்கொண்டு. காற்று அடித்திருக்காது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கு அணைந்துவிட்டது.

இருட்டில் கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு மேஜை மேலிருந்த போனுக்காகக் கையை நீட்டினார், விளக்கு தானாக எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை இல்லை. மகளுக்கு அங்கே வேலை நேரமாக இருக்கும், எடுத்ததும் "என்னாச்சுப்பா?" என்று பதறுவாள். 'ஒண்ணும் ஆகலம்மா, ஒண்ணும் ஆகலன்னு சொல்லத்தான் கூப்பிட்டேன்' என்று சொல்ல வேண்டும் என்று வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்து, தானாக நின்றது. அவள் எடுக்கவில்லை.

பரவாயில்லை என்று போனை வைத்தார். கூப்பிட்டது அங்கே பதிந்திருக்கும். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, பையை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அவர் படி இறங்குகிற சத்தம் தேய்ந்த பிறகும், காலி அறையில் விளக்கு இன்னும் சற்று நேரம் எரிந்துகொண்டிருந்தது.